கணுக்காலில் பலமில்லையா, சப்பாத்து பெரிதா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஸ்காபரோவில் இருக்கிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னதிலிருந்தே ஐஸ் ஸ்கேட் பண்ணுகிறார்கள். போன குளிர்காலம் நானும் அவர்களோடு ரிங்க்கில் இறங்கினேன். வழக்கமாகப் போடும் சப்பாத்தின் அளவைச் சொல்லி ஹொக்கி ஸ்கேட் வாடகைக்கு எடுத்தேன். குளிருமென்று இரண்டு சோடி தடித்த காலுறை போட்டேன். இரண்டு கணுக்காலும் உள்பக்கம் சரிந்தன. பத்து நிமிடத்தில் பாதம் கடுக்கத் தொடங்கியது. பிறகு மல்லாந்து விழுந்து கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. "உனக்குக் கணுக்காலில் பலமில்லை, இந்த வயதில் இது தேவையா?" என்கிறார் கணவர். சின்ன வயதில் ஏழு வருடம் பரதம் பழகியவள் நான். இனிப் பழக முடியுமா? எந்த ஸ்கேட் வாங்குவது? வகுப்பா, தனிப் பயிற்சியா? நல்ல பயிற்றுநரை எப்படி அறிவது?

— வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பழகலாம். ஜெர்மனியில் ஓபர்ஸ்ட்டோர்ஃப் என்ற ஊரில் 2005 முதல் பெரியவர்களுக்கென்றே சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடக்கிறது. 28 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதில் இடமில்லை. நீங்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை: பிள்ளைகளோடு ரிங்க்கைச் சுற்றி வர வேண்டும், நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு 42 வயது ஒரு தடையே இல்லை.

கணுக்காலைப் பற்றிக் கணவர் சொன்னதையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் நாள் கணுக்கால் சரிபவர்களில் பெரும்பாலானோருக்குக் குறை காலில் இருப்பதில்லை. சப்பாத்து பெரிது, கயிறு தளர்வு, அல்லது பிளேட் (சப்பாத்தின் அடியில் ஐஸில் ஓடும் அலகு) மழுங்கல், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவது நிச்சயம். பெரிய சப்பாத்துக்குள் இரண்டு சோடி தடித்த காலுறையோடு நின்றால் பரதம் ஆடிய கால் மட்டுமல்ல, எந்தக் காலும் சரியும்.

ஸ்கேட்டுக்குப் போகுமுன் மணிக்கட்டைப் பாருங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டோரம், ஒரு சிறு குழி தெரியும். அதை மற்றக் கையின் விரலால் அழுத்துங்கள். இன்னும் வலித்தால் குடும்ப மருத்துவரிடம் அவசியம் காட்ட வேண்டும். அந்த இடத்தில் ஸ்காஃபொய்ட் என்ற சிறிய எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுபவர்களுக்கு அதில் முறிவு வரும், முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் சரியாகப் பொருந்தாது. மருத்துவர் சரியென்று சொல்லும்வரை ஐஸில் இறங்க வேண்டாம். எலும்புத் தேய்மானம், தலைச்சுற்று, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து ஏதாவது இருந்தால் அதையும் அதே நாளில் சொல்லிக் கேளுங்கள்.

இனி ஸ்கேட். உங்களுக்கு ஹொக்கி ஸ்கேட்டைவிட ஃபிகர் ஸ்கேட் பொருந்தும். ஹொக்கி ஸ்கேட்டின் பிளேட் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்பு. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருப்பதால் உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் குதிக்கால் வழியாக உருண்டு மல்லாந்துவிடுவோம். நீங்கள் விழுந்ததும் அப்படித்தான். ஃபிகர் ஸ்கேட்டின் பிளேட் சுமார் 4 மில்லிமீட்டர். அது குதிக்காலையும் தாண்டிப் பின்னால் நீண்டிருப்பதால் பின்பக்கம் ஒரு தாங்கல் கிடைக்கும். அதன் முன்னுனியில் உள்ள பற்கள்தான் புதியவர்களைத் தடுக்கி விழுத்துபவை. ஆனால் முழங்காலை மடித்து நிற்பவருக்கு அவை ஐஸில் படாது. தடுக்கினால் உங்கள் பாரம் விரல் நுனிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த வகையில் அந்தப் பற்களே உங்களுக்கு ஒரு பயிற்றுநர்.

அளவு விஷயத்தில், ஹொக்கி ஸ்கேட் பொதுவாகச் சப்பாத்து அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை வரை சின்னதாக எடுக்க வேண்டும். ஃபிகர் ஸ்கேட் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். மாலையில், பாதம் சற்று விரிந்திருக்கும் நேரத்தில், குதிக்காலைச் சுவரில் முட்டி ஒரு தாளின்மேல் நின்று அளக்கலாம். போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் அந்தத் தொடுகை விலக வேண்டும். குதிக்கால் எந்த நிலையிலும் எழும்பக்கூடாது. காலுறை ஒரே ஒரு சோடி, மெல்லியது, சப்பாத்தின் விளிம்புக்கு மேலே வரும் நீளம். தடித்த காலுறை சூட்டைக் கூட்டாது. அது பாதத்தை நெரித்து இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் விரல்கள் இன்னும் விறைக்கும்.

உடனே வாங்க வேண்டாம். முதல் மூன்று நான்கு தடவை சரியான அளவில் வாடகை ஸ்கேட்டே போதும். எடுத்தவுடன் பிளேட்டின் விளிம்பில் நகத்தின் மேல்பக்கத்தை வைத்து மெல்லக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் துளி சுரண்டப்பட்டு வெள்ளைத் தூள் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல், வேறு சோடி கேளுங்கள். பிறகு வாங்கும்போது ஸ்கேட்டுக்கென்றே உள்ள கடையில் வாங்கி, அங்கேயே தீட்டச் சொல்லுங்கள். பல புதுப் பிளேட்டுகள் தீட்டப்படாமலேயே வரும். பிளேட்டின் அடியில் நீளவாட்டில் ஒரு குழிவு உண்டு. அதன் இரண்டு கரைகள்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். தொடங்குபவருக்கு அரை அங்குல ஆரமுள்ள குழிவு நல்லது. எண் குறையக் குறையக் குழிவு ஆழமாகி ஐஸை அதிகம் கவ்வும், அப்போது நிற்கப் பழகுவது கடினம். பழைய சோடி வாங்கினால் கணுக்கால் மடிப்பைப் பாருங்கள். அங்கே ஆழமான சுருக்கம் விழுந்து, கையால் அழுத்தினால் துணி மாதிரிச் சரிந்தால் அது உயிர் போன சப்பாத்து. குதிப்பவர்களுக்கான மிக விறைப்பான சப்பாத்தும் வேண்டாம், அதற்குள் உங்கள் முழங்கால் மடியாது.

கயிறு கட்டுவதை மட்டும் ஒருவர் பக்கத்திலிருந்து காட்டித்தரக் கேளுங்கள். பாதிச் சிக்கல் இங்கேதான். முதலில் கயிற்றை விரல்வரை முழுவதும் தளர்த்தி, சப்பாத்தின் நாக்கை வெளியே இழுத்து, காலை நுழைத்துக்கொள்ளுங்கள். குதிக்காலைத் தரையில் இரண்டு தடவை தட்டி, அது பின்பக்கக் குழியில் போய் உட்காருவதை உணர வேண்டும். நாக்கை நடுவில் நேராக்குங்கள். விரல் பகுதியில் உள்ள முதல் இரண்டு மூன்று துளைகளில் இறுக்கம் வேண்டாம். அங்கே இறுக்கினால் பாதம் கடுக்கும். பாதமும் கணுக்காலும் சந்திக்கும் மடிப்புக்கு வந்ததும் முழங்காலைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குறுக்காக வெளிப்பக்கம் இழுத்து இறுக்குங்கள். அங்கே கயிற்றை ஒரு சுற்றுக் கூடுதலாகத் திருகினால் மேலே கட்டும்போது நழுவாது. கொக்கிகளில் மேலே போகப் போகச் சற்றுத் தளர்த்தி, கடைசிக் கொக்கியில் பின்பக்கம் ஒரு விரல் நுழையும் இடம் விடுங்கள். மேலேயும் இறுக்கிவிட்டால் முழங்கால் மடியாது. முழங்கால் மடியாவிட்டால் நீங்கள் பின்னால் சாய்வீர்கள். கட்டியபின் ரப்பர் விரிப்பில் எழுந்து நில்லுங்கள். நடக்காமல் நின்றபடியே கணுக்கால் சரிந்தால், கழற்றித் திரும்பக் கட்டுங்கள். பத்து நிமிடம் ஐஸில் நின்றபின் தோல் இளகும், அப்போது ஒருமுறை வெளியே வந்து மீண்டும் இறுக்க வேண்டும்.

தலைக்கு சி.எஸ்.ஏ. என்ற கனடாத் தரச்சான்று முத்திரையுள்ள ஹொக்கி ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைப் போதிய அளவு மூடாது. உங்களுக்கு அதிகம் அடிபடக்கூடிய இடமோ அதுதான். முழங்கால் உறை, மணிக்கட்டுக் காப்பு, மேலே கையுறை. சால்வை, நீளமாகத் தொங்கும் எதுவும் வேண்டாம். டெனிம் காற்சட்டையும் வேண்டாம், நனைந்தால் விறைத்துவிடும்.

பரதம் பழகியது உங்களுக்குப் பெரிய சொத்து, ஒரே ஒரு திருத்தத்தோடு. அரைமண்டியில் முதுகு நேராக இருக்க, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் பழக்கம் உங்கள் உடம்பில் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வாரங்கள் போகும். ஆனால் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும். ஐஸில் அவை கால்விரலுக்கு நேரே முன்னால் மடிய வேண்டும். பழைய பழக்கத்தில் பாதங்களை விரித்து நின்றால் இரண்டு காலும் ஆளுக்கொரு திசையில் போகும். ஆகவே வீட்டில் இப்போதே தொடங்குங்கள். தோள் அகலத்தில் பாதங்களை இணையாக வைத்து, கீழ்க்கால் முன்னால் சாயும்வரை முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, 10 தடவை தாழ்ந்து எழும்புங்கள். பிறகு ஒற்றைக் காலில் 30 விநாடி, கண் நேரே சுவரில். பல் துலக்கும் நேரம் போதும். ஸ்கேட் சப்பாத்தைப் போட்டால் முன்காலெலும்பு அதன் நாக்கில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தம் இருக்கிறதா என்பதே நிற்கும் நிலை சரியா என்பதற்கு உரைகல்.

ஐஸில் முதல் நாள் நடக்கப் பழகக்கூடாது, விழப் பழக வேண்டும். நின்ற இடத்திலேயே தாழ்ந்து, கைகளை நெஞ்சோடு சேர்த்து, தாடையைக் கழுத்தோடு ஒட்டி, ஒரு பக்க இடுப்பின் சதையில் இறங்குங்கள். கை ஐஸைத் தேடித்தான் போகும், இயல்பு அது. விரல்களை முட்டியாக மடித்துக்கொள்ளப் பழகினால் மற்றவர்களின் பிளேட் விரலில் ஏறும் அபாயமும் குறையும். எழும்ப: உருண்டு முழங்காலிலும் கையிலும் வாருங்கள். ஒரு பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவந்து பிளேட் தட்டையாகப் படும்படி வையுங்கள். இரண்டு கையையும் அந்த முழங்காலில் ஊன்றி எழும்புங்கள். பாதத்தை உடம்புக்கு வெகு முன்னால் வைத்தால் அது வழுக்கி ஓடும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து தடவை செய்தால் பயம் பாதியாகிவிடும். விழுவோமே என்ற பயத்தில்தான் முழங்கால் விறைக்கிறது, விறைத்த முழங்கால்தான் விழுத்துகிறது.

அடுத்தது ஓட்டத்தை நிறுத்தி நிற்பது, அதாவது ஸ்னோப்ளோ என்ற முறை. நகரத் தொடங்குமுன் இதைப் பழகுங்கள். சுற்றுப்பலகையைப் பிடித்தபடி முழங்காலை மடித்து, ஒரு பாதத்தின் நுனியைச் சற்று உள்ளே திருப்பி, பிளேட்டைக் கிட்டத்தட்டத் தட்டையாக வைத்து, பக்கவாட்டில் வெளியே தள்ளுங்கள். தேங்காய் துருவும் சத்தம் போலச் சர்ரென்று கேட்டு, பிளேட்டின் ஓரத்தில் வெண்தூள் ஒரு வரியாகக் குவிய வேண்டும். தூள் விழாமல் பிளேட் ஐஸைக் கவ்விக்கொண்டால் உள்விளிம்பில் அதிகமாகச் சாய்க்கிறீர்கள் என்று அர்த்தம். கணுக்காலை நிமிர்த்தி, அழுத்தத்தைக் குறையுங்கள். பிளேட்டின் பல் ஐஸில் தட்டினால் பாரம் முன்னால் போய்விட்டது, நடுப்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு காலிலும் இருபது தடவை தூள் குவித்தபின், மெதுவாக நகர்ந்து வந்து ஒரே காலால் அதையே செய்தால் நிற்பீர்கள்.

நகர்வதற்கு முதலில் சின்னச் சின்ன அடிகளாக மிதியுங்கள். நாலு மிதி, பிறகு இரண்டு காலிலும் வழுக்கல். கைகள் இடுப்பு உயரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி சற்று முன்னால். பாதத்தைப் பார்க்க வேண்டாம். தலை குனிந்தால் பாரம் அதன் பின்னே போகும். அது பழகியதும் எலுமிச்சை வடிவம்: குதிக்கால்களைச் சேர்த்து நுனிகளை விரித்து, முழங்காலை மடித்தபடி பாதங்களை வெளியே போகவிட்டு, தோள் அகலம் தாண்டுமுன் நுனிகளை உள்ளே திருப்பி, எழும்பிக்கொண்டே சேருங்கள். கால்கள் விரிந்துகொண்டே போய்ச் சேர மறுத்தால் நுனிகளைத் திருப்பப் பிந்திவிட்டீர்கள். பிறகு ஒற்றைக்கால் வழுக்கல். மூக்கு, முழங்கால், கால்நுனி மூன்றும் ஒரே கோட்டில் வந்தபின்தான் மற்றக் காலை எடுக்க வேண்டும். கணுக்கால் உயரம் போதும், மூன்று விநாடி போதும். முன்னே தள்ளும்போது நடப்பதுபோல் விரல்நுனியால் பின்னால் உதைக்கக்கூடாது. பிளேட்டின் முழு உள்விளிம்பாலும் பக்கவாட்டில் தள்ள வேண்டும். புதியவர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

சுற்றுப்பலகையை முதல் சில நிமிடங்களுக்குமேல் பிடிக்க வேண்டாம். அதில் சாயும் உடம்பு தன் சமநிலையைத் தேடாது. தள்ளிக்கொண்டு போகும் சட்டங்களும் அப்படியே. அவை முன்னால் குனிந்து கிடக்கத்தான் பழக்கும்.

வகுப்பா, தனியா என்று கேட்டீர்கள். உங்களுக்கு முதலில் வகுப்பு, அதுவும் பெரியவர்களுக்கென்றே உள்ளது. மற்றவர்கள் விழுவதையும் எழும்புவதையும் பார்ப்பதே ஒரு பாடம். எட்டுப் பத்து வாரத் தொடர் ஒன்றில் சேர்ந்து, நாலாம் வகுப்புக்குப் பின் எது வரவில்லையோ அதற்கு மட்டும் அரை மணித் தனிப் பயிற்சி ஒன்றோ இரண்டோ எடுங்கள். எல்லாவற்றையும் தனிப் பயிற்சியில் கற்பது காசுக்குக் கேடு. அடிப்படை நிலையில் தேவைப்படுவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் நேரம்தான். அதற்கு வகுப்புக்கு வெளியே வாரம் ஒரு தடவையாவது போக வேண்டும். ஆல்பர்ட் கேம்பல் சதுக்கத்தில், உங்களுக்குப் பக்கத்திலேயே, குளிர்காலத்தில் மாநகரத்தின் திறந்தவெளி ரிங்க் இருக்கிறது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.

வகுப்புகளை இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று ரொறன்ரோ மாநகரத்தின் பொழுதுபோக்கு வகுப்புகள். கட்டணம் குறைவு, ஆனால் பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடும், எனவே திகதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். மற்றது நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடாவில் இணைந்த உள்ளூர்க் கழகங்கள். அவர்களுடைய அடிப்படைப் பாடத்திட்டம் கேன்ஸ்கேட், ஆறு நிலைகள் கொண்டது. ஐந்தாம் நிலை முடியும்வரை ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம். கேன்ஸ்கேட் என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் பிள்ளைகளின் வகுப்புகள். பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா என்று கேட்டுச் சேருங்கள். "பவர் ஸ்கேட்டிங்" என்று எழுதியிருந்தால் அது ஏற்கெனவே ஸ்கேட் பண்ணும் ஹொக்கி வீரர்களுக்கு. பெயரைப் பார்த்து மயங்கிச் சேர்ந்துவிடாதீர்கள்.

பயிற்றுநரிடம் முதலில் கேட்க வேண்டியது: ஸ்கேட் கனடாவில் பதிவு நடப்பில் இருக்கிறதா, முதலுதவிச் சான்று இருக்கிறதா? தயங்காமல் கேளுங்கள், முறையாகத் தொழில் செய்பவர் கோபிக்கமாட்டார். அதற்குமேல், பணம் கட்டுமுன் அவருடைய வகுப்பு ஒன்றை வெளியிலிருந்து முழுவதும் பாருங்கள். விழவும் எழும்பவும் சொல்லிக்கொடுத்தா தொடங்குகிறார்? ஒருவருக்கு வராதபோது அதையே சத்தமாகத் திரும்பச் சொல்கிறாரா, அல்லது "பாரம் நுனியில் இருக்கிறது" என்று காரணத்தைச் சொல்கிறாரா? மாணவர்கள் அசைந்துகொண்டிருக்கிறார்களா, வரிசையில் நின்று விறைக்கிறார்களா? பத்துப் புதியவர்களுக்கு மேல் ஒருவரே பார்த்தால் உங்களைத் திருத்த அவருக்கு நேரம் கிடைக்காது. முழு நேரமும் மாணவரின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவரிடம் சேர வேண்டாம். அவர் கையை விட்ட நாளில் முதலிலிருந்து தொடங்குவீர்கள். முதல் வாரமே குறிப்பிட்ட விலையுயர்ந்த சப்பாத்தை வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பெரியவர்களைப் பழக்கிய அனுபவமும் முக்கியம். பிள்ளை சொன்னதைச் செய்துவிட்டுப் போகும், பெரியவருக்கு ஏன் என்று தெரியாவிட்டால் உடம்பு இணங்காது.

இந்த ஒழுங்கில், வகுப்போடு வாரம் ஒரு பயிற்சியும் இருந்தால், தொடர் முடியும்போது பலகையைப் பிடிக்காமல் சுற்றி வரவும் நிற்கவும் முடியும். பின்னோக்கிப் போவது கொஞ்சம் பிந்தி வரும், அவசரமில்லை.

பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாரம் கூடியவர் விழும்போது சின்னவர் அடியில் அகப்படுவார். பக்கத்தில் ஒரு கை தூரம் விட்டு வரட்டும்.

முதல் வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள், கயிறு கட்டவே பத்து நிமிடம் வேண்டும். இயந்திரம் ஐஸைத் துடைத்து முடித்ததும் மேலே தண்ணீர்ப் படலம் மினுங்கும். அது உறைந்து மங்கும்வரை பொறுத்து இறங்குங்கள். வெளியே வந்ததும் பிளேட்டை உலர்ந்த துணியால் அடிவரை துடையுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும், வீட்டில் துணி உறைதான். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் மூடி வைத்தால் அடுத்த கிழமை எடுக்கும்போது துரு பிடித்திருக்கும். 20 முதல் 30 மணி நேரம் ஓடியபின் மறுபடி தீட்டக் கொடுங்கள்.